சிரட்டைக்குக் கீழே எத்தனை?

பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த வருடம் தரம் ஒன்றுக்குப் போகிறாள். ஒன்று முதல் நூறு வரை ஒரே மூச்சில் சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தாய் அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார். அவளும் நூறு வரை ஒப்புவித்துவிட்டு ஒரு விசுக்கோத்தை வாங்கிக்கொண்டு ஓடுவாள். போன மாதம் ஒரு பின்னேரம் அவளை எங்கள் விறாந்தையில் இருத்தி, முன்னால் ஏழு புளியங்கொட்டைகளைப் போட்டேன்.

"எத்தினை கிடக்கெண்டு எண்ணுங்கோ பாப்பம்."

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. ஏழு!"

கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சில கொட்டைகளை ஒரு சிரட்டையால் கவிழ்த்து மூடினேன். அவள் கண் திறந்தபோது வெளியே நாலு கிடந்தது.

"ஏழும் இஞ்சதான் இருக்கு. நான் ஒண்டும் எடுக்கேல்லை. சிரட்டைக்குக் கீழ எத்தினை?"

அவள் சிரட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெளியே கிடந்த நாலையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு சொன்னாள்: "தெரியாது ரீச்சர், மூடியெல்லே கிடக்கு."

நேர்மையான பதில். மூடிக் கிடப்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. நூறு வரை எண்ணத் தெரிந்தவளுக்கு ஏழைத் தெரியாது என்று நான் சொன்னால் தாய் கோபிப்பார். ஆனால் விஷயம் அதுதான். அவளுக்கு ஏழு என்பது ஆறுக்குப் பிறகு வரும் ஒரு சொல். பாட்டில் ஒரு வரிக்குப் பிறகு அடுத்த வரி வருவது போல வருகிறது. அந்த ஏழுக்குள் மூன்றும் நாலும் இருக்கின்றன, இரண்டும் ஐந்தும் இருக்கின்றன, எப்படிப் பிரித்தாலும் திரும்பச் சேர்த்தால் அதே ஏழுதான் என்பது இனித்தான் அவளுக்கு வரவேண்டும். ஓர் எண்ணைச் சிறு எண்களாகப் பிரிப்பதும், பிரித்ததைத் திரும்ப ஒன்றாக்குவதும் சின்ன வகுப்புக் கணக்கின் அடித்தளம். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் அதன்மேல்தான் எழும்புகின்றன.

இது பிள்ளைக்கு ஏன் உடனே வருவதில்லை என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே. 1941இல் அலினா செமின்ஸ்கா என்பவருடன் சேர்ந்து, பிள்ளைகளுக்கு எண் எப்படிப் பிடிபடுகிறது என்று ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு சோதனை வருகிறது. ஒரு பெட்டியில் மரமணிகள். பெரும்பாலானவை மண்ணிறம், இரண்டு மட்டும் வெள்ளை. "மண்ணிற மணி கூடவா, மரமணி கூடவா?" என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் மண்ணிற மணிதான் கூட என்பார்கள். துண்டைப் பார்க்கும்போது முழுசு கண்ணை விட்டுப் போய்விடுகிறது. முழுசைப் பார்க்கும்போது துண்டு போய்விடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க ஏழெட்டு வயதாகும் என்றார் அவர். கேள்வியே குழப்பமானது என்று பிறகு வந்தவர்கள் அவரோடு சண்டை பிடித்தார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் என் விறாந்தையில் நடந்தது அவர் சொன்னதற்கு வெகு தூரத்தில் இல்லை.

பிள்ளையிடம் ஒரு நல்ல முதலும் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று மாங்காயைக் கண்டால் நாம் எண்ணுவதில்லை, மூன்று என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். கைக்குழந்தைக்குக்கூட இரண்டும் மூன்றும் வேறு என்று தெரியும். நாலு வரை கண் தாங்கும், அதற்கு மேல் தடுமாறும். ஆறு கொட்டைகளை ஒரு வரிசையில் நீட்டி வைத்தால் எண்ணத்தான் வேண்டும். அதையே மூன்று மூன்றாக இரண்டு குவியலாக வைத்தால் பார்த்தவுடன் ஆறு. லூடோக் கட்டையில் ஆறு புள்ளியை அப்படித்தான் நாம் எல்லோரும் வாசிக்கிறோம், யாரும் புள்ளி எண்ணுவதில்லை. அதாவது பெரிய எண்ணைக் கண் சின்னச் சின்னதாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. பிள்ளை தன்னை அறியாமல் செய்கிற இந்த வேலையை வாயால் சொல்லவைப்பதுதான் நாம் செய்யவேண்டியது.

எங்கள் ஊர்களில் இதற்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. அதைக் கணக்கு என்று யாரும் நினைத்ததில்லை. கொக்கான்.

துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு முற்றத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் சேர்ந்தால் முன்பெல்லாம் கொக்கான் வெட்டுவார்கள். இப்போது தொலைபேசி வந்து அது குறைந்துவிட்டது. ஐந்து கல் வேண்டும். நாலைக் கீழே பரப்பி, ஒன்றை மேலே எறிந்து, அது விழுமுன் கீழே கிடப்பதை அள்ளி, எறிந்த கல்லையும் அதே கையில் பிடிக்க வேண்டும். முதற் சுற்றில் ஒவ்வொரு கல்லாக, நாலு தடவை. இரண்டாம் சுற்றில் இரண்டிரண்டாக, இரண்டு தடவை. மூன்றாம் சுற்றில் ஓர் அள்ளில் மூன்று, மற்றதில் மிஞ்சிய ஒன்று. நாலாம் சுற்றில் நாலும் ஒரே அள்ளு. இதைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். 1+1+1+1, 2+2, 3+1, 4. நாலைப் பிரிக்கக்கூடிய வழி மொத்தமே ஐந்துதான். அதில் நாலைக் கொக்கான் ஆடிவிடுகிறது. 2+1+1 மட்டும்தான் விடுபட்டிருக்கிறது. மூன்றாம் சுற்று வந்ததும் பிள்ளை கல்லைப் பரப்பும் விதமே மாறும். மூன்று கிட்டவும் ஒன்று எட்டவும் விழவேண்டும் என்று கையை ஒரு மாதிரித் திருப்பி விசிறுவாள். நாலை மூன்றும் ஒன்றுமாக அவள் கை முதலே பிரித்துவிட்டது. வாய்தான் இன்னும் சொல்லவில்லை.

ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற கேள்வி சின்னப் பிள்ளைக் கேள்வி மாதிரித் தெரியும். 1918இல் கும்பகோணத்து ராமானுஜனும் கேம்பிரிட்ஜ் ஹார்டியும் சேர்ந்து எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். நாலுக்கு ஐந்து வழி, பத்துக்கு 42 வழி, நூறுக்கு 19 கோடியே 5 இலட்சத்து 69 ஆயிரத்து 292 வழி. அவ்வளவு தூரம் நாம் போகத் தேவையில்லை. எங்களுக்கு இரண்டு குவியலாகப் பிரித்தால் போதும்.

சரி, வீட்டில் எப்படித் தொடங்குவது? ஏழில் தொடங்கியது என் பிழை. மூன்றில் தொடங்கவேண்டும், பிறகு நாலு, பிறகு ஐந்து. ஐந்தில் இரண்டு மூன்று கிழமை நின்றாலும் பரவாயில்லை. முதலில் மூடவே வேண்டாம். இரண்டு சின்னத் தட்டு வைத்து, "உங்களுக்குக் கொஞ்சம், தம்பிக்குக் கொஞ்சம், அஞ்சையும் பிரிச்சு வையுங்கோ" என்று விட்டுவிடவேண்டும். எப்படிப் பிரிப்பது என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஒரு பையன் ஐந்தையும் தன் தட்டில் போட்டுவிட்டு, தம்பியின் தட்டை வெறுமனே தள்ளிவைத்தான். தாய் ஏசப் போனார். நான் மறித்தேன். ஐந்தும் பூச்சியமும் சேர்ந்தால் ஐந்து என்று அந்தச் சுயநலக்காரன் கண்டுபிடித்திருக்கிறான். பெரிய வகுப்பில் பூச்சியத்தை விளங்கப்படுத்தப் படும் பாட்டை நினைத்தால், தம்பிக்கு ஒன்றும் கொடுக்காதது நட்டமில்லை.

ஒவ்வொரு தடவையும் பிள்ளை அதை வாயால் சொல்லவேண்டும். "ரெண்டும் மூண்டும் அஞ்சு." பிறகு, "அஞ்சில ரெண்டு இஞ்ச, மூண்டு அங்க." முதலாவது சேர்ப்பது, இரண்டாவது பிரிப்பது. இரண்டையும் சொல்லவேண்டும். பெற்றோர் வழக்கமாக முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு விடுகிறார்கள், அதனால்தான் கூட்டல் வருகிற பிள்ளைக்குக் கழித்தல் வராமல் போகிறது. கூட்டலைக் கூட்டலாகவும் கழித்தலைக் கழித்தலாகவும் தனித்தனியாகப் படித்த பிள்ளைக்கு 3+4, 4+3, 7−3, 7−4 என்பவை நாலு கணக்கு. சிரட்டை விளையாடிய பிள்ளைக்கு அது ஒரே கணக்கு.

பிரிப்பது கைவந்ததும் சிரட்டையை எடுங்கள். மூடியதைச் சொல்ல முடியாவிட்டால் திறந்து காட்டிவிட வேண்டும். பிள்ளையை முழிக்க வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. சொன்னபிறகும் திறந்து காட்டவேண்டும், தான் சொன்னது சரியென்று பிள்ளை தானே கண்டுகொள்ள வேண்டும். நீங்கள் "சரி" என்று சொல்வதைவிட அது வலுவானது. அடுத்து முறையை மாற்றுங்கள். பிள்ளை மூடட்டும், நீங்கள் சொல்லுங்கள். இடையிடையே வேண்டுமென்று பிழையாகச் சொல்லுங்கள். திருத்துவதில் அவர்களுக்கு இருக்கிற சந்தோஷத்துக்கு அளவில்லை.

எழுத்து இதற்கெல்லாம் பிறகு. முதலில் கொட்டை, பிறகு கொட்டையின் படம், அதன்பிறகுதான் 3+4=7 என்ற குறி. கை, படம், குறி என்ற இந்த ஒழுங்கை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் எழுதிவைத்தார். சிங்கப்பூர் 1980களில் தன் ஆரம்பக் கணிதப் புத்தகங்களை இந்த ஒழுங்கிலேயே அமைத்தது. எண்ணைப் பிரித்துச் சேர்ப்பதை முதற் பாடங்களிலேயே வைத்தது. 1995இல் நடந்த சர்வதேசக் கணித மதிப்பீட்டில் அந்தச் சின்ன நாடு முதலிடத்துக்கு வந்த பிறகுதான் மற்ற நாடுகள் அந்தப் புத்தகங்களைத் திறந்து பார்த்தன. எங்கள் பாடத்திட்டமும் இதற்கு எதிரானதல்ல. 1998இல் கம்பஹாவில் பரீட்சித்து 1999இல் நாடு முழுவதும் கொண்டுவந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்கே முதலிடம் என்கிறது. ஆனால் வீட்டில் நடப்பது வேறு. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் கொப்பியைத் திறந்து பார்ப்பார்கள். பக்கம் நிறைய எழுதியிருந்தால் ரீச்சர் படிப்பித்தார், எழுதாவிட்டால் படிப்பிக்கவில்லை. தரம் ஒன்றிலேயே புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துக்கொண்டு இருக்கிற தாய்மாருக்கு, கல் வைத்து விளையாடியது படிப்பு என்று விளங்கப்படுத்த எனக்கு முப்பது வருடம் போதவில்லை.

ஐந்து முடிந்தால் அடுத்த பெரிய இடம் பத்து. ஆறும் ஏழும் எட்டும் ஒன்பதும் வழியில் வரும் தரிப்பிடங்கள். பத்தில் கட்டாயம் இறங்கி நிற்கவேண்டும். ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நாலும் ஆறும், ஐந்தும் ஐந்தும். இந்த ஐந்து சோடியும் கேட்டவுடன் வரவேண்டும். இதற்குக் கையைவிட நல்ல கருவி இல்லை. விரல் விட்டு எண்ணினால் தட்டிவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தேவையில்லாத கொடுமை. விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணுவதுதான் மெதுவானது. "எண்ணாமல் ஒரேயடியா ஏழு விரலைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். ஒரு கை முழுசும் மற்றக் கையில் இரண்டும் எழும்பும். "மடங்கிக் கிடக்கிறது எத்தினை?" மூன்று. ஏழுக்குப் பத்தாக மூன்று வேண்டும் என்பதைக் கையே சொல்லிவிட்டது.

இன்னொரு கருவி கடையில் சும்மா கிடைக்கும். முட்டை அடுக்கும் காட்போட் தட்டு. முப்பது முட்டைத் தட்டில் ஐந்து குழி வீதம் ஆறு வரிசை. கத்தரிக்கோலால் இரண்டு வரிசைக்கு ஒன்றாக வெட்டினால் பத்துக் குழித் தட்டு மூன்று கிடைக்கும். எட்டுக் கொட்டையைக் குழிக்கு ஒன்றாகப் போட்டால் மேல் வரிசை நிறைந்து கீழ் வரிசையில் மூன்று நிற்கும், வெறுங்குழி இரண்டு தெரியும். இனி 8+5 கேளுங்கள். ஐந்து கொட்டையைக் கையில் கொடுத்தால், பிள்ளை இரண்டை எடுத்து வெறுங்குழியை நிரப்புவான், கையில் மூன்று மிஞ்சும். பத்தும் மூன்றும் பதின்மூன்று. சீனாவிலும் ஜப்பானிலும் இந்தப் பத்தாக்கும் வழியைத்தான் முதல் வகுப்பில் பழக்குகிறார்கள். ஓர் எச்சரிக்கை. எட்டுக்கு இரண்டு வேண்டும் என்பதும், ஐந்துக்குள் இரண்டும் மூன்றும் இருக்கின்றன என்பதும் முதலே கைவசம் இல்லாத பிள்ளைக்கு இதைக் கற்பித்தால், அது இன்னொரு பாடமாக்கல் ஆகிவிடும். அந்தப் பிள்ளை எட்டிலிருந்து ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிப் போவதே மேல்.

இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பதின்மூன்று என்ற சொல்லைக் கேளுங்கள். பத்தும் மூன்றும் அதற்குள்ளேயே கேட்கிறது. பதினைந்து, பதினாறு எல்லாம் அப்படி. இருபது இரண்டு பத்து, முப்பது மூன்று பத்து. சொல்லே பிரித்து வைத்துத் தருகிறது. ஆங்கிலத்தில் இலெவன் என்ற சொல்லில் பத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. முன்பள்ளியில் 'வன், ரூ, த்ரீ' என்று இருபது வரை ஒப்புவிக்கவைத்துப் பெருமைப்படுவதை நான் விரும்பாததற்கு மொழிப்பற்று காரணமில்லை. தமிழில் எண்ணினால் பிள்ளைக்குக் கணக்கு இலவசமாகச் சேர்ந்து வருகிறது, அதை ஏன் விடவேண்டும்?

தமிழிலும் இரண்டு மேடு பள்ளம் உண்டு. எண்பத்தொன்பதுக்குப் பிறகு என்ன என்றால் பல பிள்ளைகள் "ஒன்பது பத்து", "எண்பத்துப் பத்து" என்று ஏதாவது சொல்வார்கள். பிழை அவர்களுடையதல்ல. இருபது, முப்பது என்று வந்த வரிசை திடீரென்று தொண்ணூறு என்று நூறைக் காட்டிப் பயமுறுத்துகிறது. தொள்ளாயிரமும் அப்படித்தான், ஆயிரம் இல்லாமலே ஆயிரம் என்கிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆகும் என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் விதி எழுதவேண்டி வந்திருக்கிறது. தரம் இரண்டுப் பிள்ளை தடுமாறினால் மன்னித்துவிடலாம். "தொண்ணூறு எண்டால் ஒன்பது பத்து" என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

இன்னொரு பிழை. இருபத்து மூன்று என்று சொல்லிவிட்டு எழுதச் சொன்னால் பிள்ளை 203 என்று எழுதும். இதற்குச் சிவப்புப் பேனையால் பிழை போடுமுன் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அந்தப் பிள்ளை இருபதையும் எழுதியிருக்கிறது, மூன்றையும் எழுதியிருக்கிறது. பிரித்தது சரி. எங்கள் பழைய தமிழ் எண்முறையில் இருபத்து மூன்றை ௨௰௩ என்று, இரண்டு, பத்து, மூன்று என மூன்று குறியால்தான் எழுதினார்கள். ஏட்டில் எழுதிய முன்னோர் செய்ததையே பிள்ளை இலக்கத்தில் செய்திருக்கிறது. மூன்று வந்து இருக்கும்போது இருபதின் பூச்சியம் அதற்கு இடம்விட்டு மறைந்துவிடும் என்பதுதான் அதற்குத் தெரியாது. ஒரு மட்டையில் 20 என்றும், அதில் பாதி அகலமான இன்னொரு மட்டையில் 3 என்றும் எழுதி, மூன்றைப் பூச்சியத்தின் மேல் வைத்துக் காட்டுங்கள். 23 தெரியும். மூன்றைத் தூக்கினால் பூச்சியம் கீழே பத்திரமாக இருக்கும். இப்படி அடுக்கும் இலக்க அட்டைகள் மரியா மொண்டிசோரியின் கருவிகளில் உண்டு. 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். நான் பழைய கலண்டர் மட்டையில்தான் வெட்டினேன்.

இனி, என்னை மிகவும் எரிச்சல்படுத்துகிற ஒரு சொல்லுக்கு வருகிறேன். கடன். 32இல் 15 போக எத்தனை என்றால், "ரெண்டில அஞ்சு போகாது, பக்கத்து வீட்டில ஒண்டு கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுக்கிறோம். நாங்களும் அப்படித்தான் படித்தோம். பக்கத்து வீட்டில் வாங்கியது ஒன்று, இங்கே வந்ததும் அது பத்தாகிவிடுகிறது. எப்படி? ஒருவரும் சொல்வதில்லை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. கிழமைக்குக் கிழமை நுண்கடன் வசூலிக்க மோட்டார் சைக்கிளில் ஆள் வருகிற ஊரில் வளரும் பிள்ளைக்குக் கடன் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். கணக்கில் வருகிற கடன்தான் விளங்காது.

இதையே ஈர்க்கில் செய்து பாருங்கள். பத்துப் பத்தாக றப்பர் பாண்ட் போட்டுக் கட்டிய ஈர்க்குக் கட்டு மூன்று, தனி ஈர்க்கு இரண்டு. இதிலிருந்து பதினைந்தை எடுக்கவேண்டும். தனியாக ஐந்து இல்லை. பிள்ளை என்ன செய்வான்? யாரும் சொல்லாமலே ஒரு கட்டை அவிழ்ப்பான். இப்போது கட்டு இரண்டு, தனி பன்னிரண்டு. 32 அப்படியே இருக்கிறது, பிரித்த விதம்தான் மாறியிருக்கிறது. ஐந்தை எடுத்தால் ஏழு, ஒரு கட்டை எடுத்தால் மிச்சம் ஒரு கட்டு. பதினேழு. பத்தினிடம், ஒன்றினிடம் என்ற சொற்களை இதற்குப் பிறகு சொன்னால் அவை எதைக் குறிக்கின்றன என்று பிள்ளைக்குத் தெரியும். லிபிங் மா என்ற சீனக் கல்வியாளர் அமெரிக்க ஆசிரியர் 23 பேரையும் சீன ஆசிரியர் 72 பேரையும் ஒப்பிட்டு 1999இல் வெளியிட்ட நூலில் இந்த இடமே முக்கியமாக வருகிறது. அமெரிக்கர்கள் பெரும்பாலும் கடன் வாங்குவது என்றார்கள், சீனர்கள் பெரும்பாலும் பெரிய அலகை உடைப்பது என்றார்கள். எங்களிடம் அதைவிட நல்ல சொல் சந்தையில் புழங்குகிறது: மாற்றுதல். நூறு ரூபாத் தாளை மாற்றினால் பத்து ரூபாக் குத்தி பத்து. காசு கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்தச் சொல்லையே வகுப்புக்குள் கொண்டுவரலாம்.

வன்னியில் இதையெல்லாம் எழுதுவதற்குத் தனியான காரணமும் இருக்கிறது. கொரோனாவில் பாடசாலைகள் மூடிக் கிடந்த பிறகு, 2021இல் நாடு முழுவதும் தரம் மூன்று மாணவர்களிடம் செய்த மதிப்பீட்டில், எழுத்தறிவில் குறைந்தபட்சத் தேர்ச்சி காட்டியவர்கள் 34 வீதம், எண்ணறிவில் 7 வீதம். தமிழ்நாட்டில் அதே இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்று ஒரு திட்டமே தொடங்கினார்கள். எங்களுக்குப் படிப்பு அறுந்தது அது முதல் தடவையல்ல. 1999இல் அந்தச் சீர்திருத்தம் வந்தபோது வன்னிப் பிள்ளைகள் இடம்பெயர்ந்து மரத்தடிகளில் இருந்தார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் தரம் ஒன்று படித்தவர்கள் இப்போது இருபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் சிலரின் பிள்ளைகள் முன்பள்ளிக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். "எனக்குக் கணக்கு ஓடாது ரீச்சர், நான் எப்பிடிச் சொல்லிக்குடுக்கிறது?" என்று கேட்கிற தாய்மார் அந்தத் தலைமுறை.

அப்படிக் கேட்ட ஒருவரைப் பிறகு சந்தையில் பார்த்தேன். மரக்கறி 640 ரூபா. ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்தார். விற்றவர் மிச்சத்தைக் கையில் வைக்க வைக்க, இவர் வாய்க்குள் எண்ணினார்: "அறுநூத்தி அம்பது, எழுநூறு, எண்ணூறு, தொளாயிரம், ஆயிரம்." பத்து, ஐம்பது, மூன்று நூறு. ஆயிரத்தில் 640ஐக் கழிக்கவே இல்லை. 640இலிருந்து ஆயிரத்தைக் கட்டியெழுப்பினார். ஓர் ஏக்கர் மேட்டுக்காணியில் ஆறு பரப்புக்குக் கச்சான் போட்டால் மிச்சம் பத்துப் பரப்பு என்று யோசியாமல் சொல்வார். பதினாறைப் பத்தும் ஆறுமாகப் பிரிக்கத் தெரிந்தவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த வாய்க்குள் எண்ணுவதைக் கொஞ்சம் சத்தமாக எண்ணச் சொன்னேன், அவ்வளவுதான்.

சின்னப் பாடசாலைகளில் ஓர் ஆசிரியரே இரண்டு தரத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். அங்கேயும் இது உதவும். தரம் மூன்றுப் பிள்ளை சிரட்டையை மூட, தரம் ஒன்றுப் பிள்ளை சொல்லட்டும். மூடுகிற பிள்ளைக்கும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், ரீச்சருக்குக் கால் மணித்தியாலம் மிஞ்சும்.

நான் பயப்படுகிறது ஒன்றுக்குத்தான். இதையும் வாய்பாடு மாதிரி ஒரு தாளில் அச்சடித்து, "பத்தின் சோடிகளைப் பாடமாக்கிக்கொண்டு வா" என்று யாராவது வீட்டுவேலை கொடுத்துவிடுவார்கள். பாடமாக்கிய பிள்ளையிடம் மூன்றும் ஏழும் எத்தனை என்று கேட்டால் பத்து என்று சொல்லும். சிரட்டையை மூடினால் மறுபடி முழிக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்போது ஐந்தில் நிற்கிறாள். நேற்று நான் மூன்றை மூடிவிட்டு, "ரெண்டு வெளியில, கீழ எத்தினை?" என்று கேட்டேன். சிரட்டையைப் பார்க்கவேயில்லை. தன் கையை விரித்து இரண்டு விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "மூண்டு" என்றாள். பிறகு நான் திறக்குமுன் தானே திறந்து பார்த்தாள்.

உங்கள் வீட்டிலும் ஐந்து வயதில் ஒரு பிள்ளை இருந்தால் ஐந்து புளியங்கொட்டையும் ஒரு சிரட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இராச்சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் காணும். ஆறாவது கொட்டையை அடுத்த மாதம் சேருங்கள்.